பருவுக்கு மீனைக் குற்றம் சொல்லாதீர்கள்

முகத்தில் இரண்டு பரு எழும்பினால் எங்கள் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது மீன். பிறகு முட்டை, மாம்பழம், தேங்காய்ப்பால். "எல்லாம் சூடு" என்று அம்மம்மா சொன்னால் மறுபேச்சில்லை. கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் என் அக்காவின் மகள் மூன்று மாதம் மீன் தொடவில்லை. பரு குறையவுமில்லை.

அவள் வேறு என்ன சாப்பிட்டாள் என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் சீனி கூடிய பால்மாத் தேத்தண்ணி. இடைவேளைக்குச் சீனி பணிஸ். ரியூசன் முடிய றோல்ஸும் சோடாவும். பிழை இங்கேதான் இருக்கிறது.

பதின்ம வயதில் ஓமோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எண்ணெயும் இறந்த கலங்களும் துவாரத்தை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குவதுதான் பரு. சாப்பாடு மட்டுமே காரணமில்லை, பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் சீனியும் வெள்ளை மாவும் இரத்தச் சீனியைச் சட்டென்று ஏற்றும். அதற்கு ஈடாக இன்சுலின் கூடும், அது எண்ணெய்ச் சுரப்பை இன்னும் தூண்டிவிடும். 2007இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், பரு இருந்த 43 இளைஞர்களில் ஒரு பகுதியினர் 12 வாரம் இரத்தச் சீனியை மெதுவாக ஏற்றும் உணவை உண்டார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது.

பப்புவா நியூகினியின் கிற்றாவா தீவில் 2002இல் வெளியான ஆய்வுக்காக 1,200 பேரைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பரு இல்லை. அவர்கள் சாப்பிட்டது கிழங்கு, பழம், மீன், தேங்காய். நாங்கள் பழி போடும் இரண்டும் அதில் இருக்கின்றன!

சரி, எதைக் குறைப்பது? சோடாப் போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். 400 மில்லிலீற்றர் குடித்தால் ஒன்பது தேக்கரண்டிக்குக் குறையாது. அதை முதலில் விடுங்கள். பணிஸுக்குப் பதிலாக அவித்த கடலை, பயறு, முறிகண்டிக் கச்சான் ஒரு சரை. இரணைமடுக் குளத்து மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் எல்லாருக்கும் அப்படியில்லை. சில வாரம் குறைத்துப் பாருங்கள். ஜிம்முக்குப் போகும் தம்பிமார் குடிக்கும் புரதமாவும் சிலருக்குப் பருவைக் கூட்டும்.

தேமலுக்கும் மீனைத் திட்டுகிறார்கள். அது பங்கசு. எங்கள் வெயிலும் வியர்வையும்தான் அதை வளர்க்கின்றன.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பின்கழுத்து கறுத்துத் தடித்தால் அழுக்கென்று தேசிக்காயால் உரஞ்சாதீர்கள். அது பெரும்பாலும் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதற்கான அடையாளம். எடை கூடிய பிள்ளையென்றால் இரத்தச் சீனியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். முதலில் முகம் பளிச்சென்று தெரியும், பிறகு பரு இன்னும் கூடும். பரு கட்டியாகி வலித்தாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். அக்காவின் மகளும் அப்படித்தான் போனாள், இப்போது பூசு மருந்தும் பாவிக்கிறாள், மீனும் சாப்பிடுகிறாள்.