போக்கர் டோர்னமென்ட்ல பெட் போடுறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்க வேண்டியது

எந்தக் கை பெருசு, ஃபிளாப் டர்ன் ரிவர்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இத எழுதுறேன். ஹோல்டெம் விதியெல்லாம் தெரியும், ஆனா டோர்னமென்ட்ல பாதி வழியிலயே சிப்ஸ் கரைஞ்சு போயிடுதுன்னு சொல்றவங்க நிறைய பேரு, அவங்க ஆட்டத்த பக்கத்துல இருந்து பாத்தா சீட்டு மோசமா வந்ததா இருக்காது, எவ்வளவு பெட் போடணும்னு யோசிக்காம கைக்கு வந்தத தள்ளியிருப்பாங்க.

முதல்ல பழக வேண்டியது ஒண்ணு. உங்ககிட்ட 20,000 சிப்ஸ் இருக்குன்னு சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல, பிக் பிளைண்ட் (சீட்டு போடுறதுக்கு முன்னாடியே ஒருத்தர் கட்டாயமா வெக்கிற பெட்) 200-னா அது 100 பிக் பிளைண்ட், 2000-னா வெறும் 10. ஒவ்வொரு லெவல் மாறும்போதும் உங்க ஸ்டாக்க பிக் பிளைண்ட் கணக்குல மாத்திச் சொல்லிப் பாருங்க, உங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்குப் பின்னாடி ஆடப்போறவங்களுக்கும். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்றது இதுக்கு அப்படியே பொருந்தும், ஏன்னா அதே ஏஸ்-டென் 60 பிக் பிளைண்டுக்கு ஒரு மாதிரி, 9-க்கு முழுக்க வேற மாதிரி ஆடணும்.

ஃபிளாப்புக்கு முன்னாடி ரெய்ஸ் பண்றப்போ 2-லருந்து 2.5 பிக் பிளைண்ட் போதும். கணக்கு பாருங்க, பிளைண்ட் 500/1000, பிக் பிளைண்ட் ஆள் 1000 ஆன்டியும் (எல்லாருக்கும் சேத்து வெக்கிற கூடுதல் கட்டாய சிப்ஸ்) வெக்கிறார், அப்போ யாரும் ஆடுறதுக்கு முன்னாடியே நடுவுல, அதாவது பாட்ல, 2500 கிடக்கு. நீங்க 2200-க்கு ரெய்ஸ் பண்ணா, பத்துல அஞ்சு தடவை எல்லாரும் ஃபோல்டு பண்ணாலே, சீட்டே பாக்காம லாபம். இதுலயே இன்னொரு பக்கமும் இருக்கு, பிக் பிளைண்ட்ல இருக்கறவரு 4700-அ ஜெயிக்க 1200 மட்டும் போட்டா போதும், அதாவது கிட்டத்தட்ட 20 சதவீதம் ஜெயிக்கிற வாய்ப்பு இருந்தாலே கால் பண்ணலாம். அதனால பிக் பிளைண்ட்ல உக்காந்துக்கிட்டு சின்ன ரெய்ஸுக்கெல்லாம் சுமாரான கையக்கூட சட்டுனு வீசாதீங்க, அங்கதான் சிப்ஸ் சத்தமில்லாம ஒழுகுது.

ஃபிளாப்புக்கு அப்புறம் பெட் போடும்போது ஒரே கேள்வி, என்னவிட மோசமான எந்தக் கை கால் பண்ணும், இல்லன்னா என்னவிட நல்ல எந்தக் கை ஃபோல்டு பண்ணும்? ரெண்டுக்கும் பதில் இல்லன்னா செக் பண்ணுங்க. பதில் இருந்தா அடுத்தது சைஸ். இதுல நிறைய பேரு தப்பு பண்றாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பாட்ல பாதி பெட் போட்டா எதிராளி கால் பண்ண அவருக்கு 25 சதவீத வாய்ப்பு வேணும், முழு பாட் போட்டா 33. பிளஃபா இருந்தா நீங்க பாக்க வேண்டியது வேற கணக்கு: பாதி பாட் பிளஃப் மூணுல ஒரு தடவை பலிச்சா போதும், முழு பாட் பிளஃப் ரெண்டுல ஒரு தடவை பலிக்கணும். ஃபிளாப்ல ஃபிளஷ் டிராவுக்கு (ஒரே சூட்ல நாலு இருக்கு, இன்னும் ஒண்ணு வரணும்) ரெண்டு கார்டும் சேத்து சுமார் 35 சதவீதம், ஒரே கார்டுக்கு 19-20. எதிராளி டிரா வெச்சிருக்கும்போது பாட்ல பத்துல ஒரு பங்கு பெட் போட்டீங்கன்னா அவருக்கு நீங்களே நல்ல விலை குடுக்குறீங்க.

இப்போ நல்ல கை வந்தா என்ன. உங்க ரெய்ஸ பிக் பிளைண்ட் கால் பண்ணிட்டாருன்னு வைங்க, ஆன்டியும் சேந்து பாட் ஏறக்குறைய 7 பிக் பிளைண்ட், உங்ககிட்ட 40 மிச்சம், ஃபிளாப்ல செட் (கையில இருக்கற ஜோடியோட அதே கார்டு சேந்து மூணு) அடிச்சிருக்கீங்க. ஃபிளாப், டர்ன், ரிவர்னு மூணு ஸ்ட்ரீட்டும் பாட்ல மூணுல ஒரு பங்கு பெட் போட்டா கடைசில 13 பிக் பிளைண்ட்தான் உள்ள போயிருக்கும். அதே மூணு ஸ்ட்ரீட்ல 65-70 சதவீதம் போட்டா ரிவர்ல கிட்டத்தட்ட முழு ஸ்டாக்கும் உள்ள. அதனால ஃபிளாப்லயே ரிவர நினைச்சு சைஸ முடிவு பண்ணுங்க. ஆனா எல்லா போர்டுலயும் பெருசா அடிக்கக் கூடாது, கிங்-7-2, மூணும் வேற வேற சூட்னா எதிராளிகிட்ட பெருசா ஒண்ணும் இருக்காது, சின்ன பெட்டே வேலைய முடிச்சிடும். 9-8-7ல ரெண்டு ஒரே சூட்னா பிக் பிளைண்ட் ஆளுக்குத்தான் அது நல்லா ஒட்டும், அங்க அடிக்கடி செக் பண்றதுல தப்பே இல்ல.

ஸ்டாக் 10 பிக் பிளைண்டுக்கு வந்துட்டா சின்னதா ரெய்ஸ் பண்ணிட்டு அப்புறம் ஃபோல்டு பண்றத பெரும்பாலும் விட்டுடுங்க, ஆல்-இன் இல்லன்னா ஃபோல்டு. பட்டன்ல, அதாவது டீலர் இடத்துல இருந்து ஆல்-இன் தள்ளி, பிளைண்ட்ல இருக்கற ரெண்டு பேரும் ஃபோல்டு பண்ணா 10-ங்கறது 12.5 ஆகுது, ஒரு சீட்டும் திறக்காம கால்வாசி வளந்துடுச்சு. பட்டன்ல எந்த ஜோடியும், எந்த ஏஸும் தள்ளலாம், முதல் ஆளா ஆடும்போது மட்டும் ரொம்ப இறுக்கிப் பிடிங்க. ஆல்-இன் தள்ளுறதுக்கு வேணும்ங்கறதவிட நல்ல கை அத கால் பண்ணத்தான் வேணும், ஏன்னா தள்ளுறவருக்கு மத்தவங்க ஃபோல்டு பண்ணாலும் ஜெயம், கால் பண்றவருக்கு சீட்டு மட்டும்தான் வழி.

அடுத்து பணம் கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்துல, அதாவது பபிள். டோர்னமென்ட்ல ஜெயிக்கிற சிப்ஸவிட இழக்குற சிப்ஸுக்கு மதிப்பு அதிகம். மூணு பேரு மிச்சம், பரிசு 50, 30, 20, சிப்ஸ் 5000, 3000, 2000-ன்னு வெச்சுக்கோங்க. ஐசிஎம்ங்கற, சிப்ஸ பரிசுப் பண மதிப்பா மாத்துற கணக்குப்படி பாதி சிப்ஸ் வெச்சிருக்கறவரோட பங்கு 50 இல்ல, சுமார் 38. இருபது சதவீதம் மட்டும் வெச்சிருக்கறவருக்கு கிட்டத்தட்ட 29. அதனாலதான் உங்களவிட சின்ன ஸ்டாக் ரெண்டு பேரு 3 பிக் பிளைண்டோட தொங்கிக்கிட்டு இருக்கும்போது, பெரிய ஸ்டாக் தள்ளுற ஆல்-இன்னுக்கு ஏஸ்-ஜாக்க வெச்சுக்கிட்டு கால் பண்ணாதீங்க. நான் ஒரு தடவை இதே இடத்துல கால் பண்ணி வெளிய போயிருக்கேன், அடுத்த ரெண்டு கையிலயே அந்த சின்ன ஸ்டாக் ஒண்ணு போயிடுச்சு, மனசு ரொம்ப வலிச்சது. பெரிய ஸ்டாக் உங்க கையில இருந்தா மாத்தி யோசிங்க, மத்தவங்க பயந்துக்கிட்டு இருக்கற நேரம் அது, குறிப்பா நடு ஸ்டாக்குங்க மேல நிறைய ரெய்ஸ் பண்ணுங்க.

பணத்தப் பத்தி ஒண்ணு கட்டாயமா சொல்லணும். நல்லா ஆடுறவங்களே பல டோர்னமென்ட் வரிசையா காசில்லாம வெளிய வருவாங்க, அதனால குறைஞ்சது 100 டோர்னமென்ட்டுக்கான நுழைவுக் கட்டணம் தனியா இருந்தா ஆடுங்க, போனாலும் வீட்டுச் செலவத் தொடாத பணமா இருக்கணும். உங்க ஊருல சட்டம் அனுமதிக்கலன்னா காசில்லாத பிளே சிப்ஸ்லயே பழகுங்க.

ஆடி முடிச்ச அன்னைக்கே மூணு கைய எழுதி வைங்க: ஸ்டாக் எத்தனை பிக் பிளைண்ட், பாட் எவ்வளவு, எவ்வளவு பெட், ஏன். அந்த 'ஏன்'-ல ஒண்ணும் எழுத வராத கை எதுவோ, மறுநாள் அத மட்டும் எடுத்து கணக்குப் போட்டுப் பாருங்க.