முதல் மடக்காத கத்தி: வேட்டைக்கும் கூடாரத் தங்கலுக்கும் குறைந்த செலவில் தேர்வு செய்வது எப்படி?

சுவீடனுக்கு வந்த முதல் இலையுதிர் காலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ரோ மானைச் சுட்டுக்கொண்டு வந்து கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார். தோலுரிக்க அவர் இடுப்பிலிருந்து உருவிய கத்தியைப் பார்த்து எனக்குப் பெரிய ஏமாற்றம். சிவப்பு பிளாஸ்டிக் பிடி, மெல்லிய அலகு, பிடியோடு சேர்த்தே ஒரு சாண் நீளம்தான். இங்கே ஹார்டுவேர் கடையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தொங்கும் கத்தி அது. அரை மணி நேரத்துக்குள் தோல் முழுசாகக் கீழே வந்துவிட்டது, எங்கும் ஒரு ஓட்டைகூட இல்லை.

அப்போது என்னிடமும் ஒரு கத்தி இருந்தது. கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், ஐந்து மில்லிமீட்டர் தடிமன், அவருடையதைப் போல ஐந்து மடங்கு விலை. ஒரு தொடையை உரித்துப் பார் என்று கொடுத்தார். என் கத்தி தோலுக்கும் சதைக்கும் நடுவே நுழையவே இல்லை. சதையைப் பிய்த்தது, தோலைக் கிழித்தது. அன்றைக்குப் புரிந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் கத்தி மெல்லியதாக, சின்னதாக, விலை குறைந்ததாக இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள்.

படி 1: கத்திக்கு என்ன வேலை என்று முதலில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூடாரம் போட்டுத் தங்கும்போது கயிறு அறுப்போம், வெங்காயம் நறுக்குவோம், மீன் சுத்தம் செய்வோம், அடுப்புப் பற்றவைக்கக் குச்சியைச் சீவுவோம், கூடார முளை செதுக்குவோம். வேட்டையில் வயிற்றைத் திறக்க வேண்டும், தோலுரிக்க வேண்டும், மூட்டுகளில் நரம்பை அறுத்துப் பிரிக்க வேண்டும். இதில் எதுவுமே ஓங்கி வெட்டும் வேலை இல்லை.

நம் ஆட்கள் கேட்பது, "வீட்டு அரிவாளே போதாதா?" என்று. அரிவாள் தன் எடையால் வேலை செய்கிற கருவி. கிளை வெட்ட, தேங்காய் உடைக்க அதற்கு இணை இல்லை. ஆனால் மான் வயிற்றுக்குள் இரண்டு விரலோடு சேர்த்து அதை நுழைக்க முடியாது. கிளை வெட்ட வேண்டும் என்றால் கத்தியோடு ஒரு சின்ன மடக்கு ரம்பத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே கருவியில் எல்லாம் வேண்டும் என்ற ஆசைதான் தடிமனான, பயன்படாத கத்தியை வாங்க வைக்கிறது.

மடக்காத கத்தி ஏன் என்றால், மடக்குக் கத்தியின் கீலுக்குள் ரத்தமும் கொழுப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும். கழுவி எடுப்பது பெரும்பாடு. மடங்கும் இடம் இல்லாததால் விரல் மேல் மூடிக்கொள்ளும் பயமும் இல்லை.

படி 2: நீளமும் தடிமனும்

அலகு 9 முதல் 11 சென்டிமீட்டர் வரை இருந்தால் போதும், அதாவது கிட்டத்தட்ட நான்கு அங்குலம்.

இதன் காரணத்தை வயிறு திறக்கும்போதுதான் பார்க்க முடியும். முதலில் தோலில் சின்னதாக ஒரு கீறல். அதற்குள் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விட்டு, வயிற்றுச் சுவரை மேலே தூக்கிப் பிடிக்கிறோம். அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே கத்தி போகிறது, கூர்வாய் மேலே பார்த்தபடி. குடலைக் குத்திவிடாமல் இருக்கத்தான் இந்தப் பிடி. குடல் கிழிந்தால் உள்ளே இருப்பது கறியில் கொட்டிவிடும். இந்த நேரத்தில் கத்தியின் நுனி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் சொல்ல வேண்டும். நான்கு அங்குல அலகின் நுனியை விரல் உணரும். ஏழு அங்குல அலகின் நுனி விரலைத் தாண்டி எங்கேயோ இருக்கும்.

ஃபால்க்னிவன் நிறுவனத்தின் எஃப் 1 கத்தி 1995-இல் சுவீடன் விமானப்படை விமானிகளுக்கான உயிர்காப்புக் கத்தியானது. அதன் அலகே 97 மில்லிமீட்டர்தான்.

நீளத்தை விடத் தடிமன் முக்கியம். முதுகுப் பக்கம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் என்பது தொடக்கத்துக்குச் சரியான அளவு. வீட்டில் ஒரு கேரட்டை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். மெல்லிய கத்தி சத்தமில்லாமல் இறங்கும். ஐந்து மில்லிமீட்டர் கத்தி பாதி வரை போய், ஆப்பு வைத்த மாதிரி கேரட்டைப் பிளக்கும், "டக்" என்று சத்தம் கேட்கும். இரண்டுமே கூராக இருந்தாலும் இப்படித்தான். வாய்க்குப் பின்னால் வரும் இரும்பின் பருமன் வழியை மறிக்கிறது.

நுனி வடிவத்தைப் பொறுத்தவரை, முதுகு மெதுவாகச் சரிந்து நுனியில் சேரும் வகையைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் அதை டிராப் பாயின்ட் என்பார்கள். வாய்ப்பக்கம் கொஞ்சம் வளைந்து வயிறு போல இருந்தால் தோலுரிக்க வசதி. வயிறு கிழிக்கும் கொக்கி முதுகில் உள்ள கத்திகள் தொடக்கக்காரருக்கு வேண்டாம். அந்தக் கொக்கிக்குச் சாணை பிடிப்பது தனி வித்தை.

படி 3: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

பாட்டி வீட்டு இரும்பு அரிவாள்மனை நினைவிருக்கிறதா? வாழைக்காய் அரிந்தால் கறுத்துப்போகும், ஈரத்தோடு விட்டால் மறுநாள் துரு. ஆனால் கூர் வைத்தால் அப்படி வெட்டும். கார்பன் ஸ்டீல் கத்தியும் அந்தக் குணம்தான். எளிதில் சாணை ஏறும், நன்றாகக் கூர் நிற்கும், கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

விலை குறைந்த ஸ்டெயின்லெஸ் கத்திகளில் எனக்குப் பிடித்த எஃகு சான்ட்விக் 12சி27. இதில் சுமார் 0.6 சதவீதம் கார்பனும் 13.5 சதவீதம் குரோமியமும் இருக்கின்றன. துருவைத் தடுப்பது குரோமியம். வீட்டுச் சாணைக்கல்லிலேயே இது நன்றாகக் கூர் ஏறுகிறது.

வேட்டைக்கும் மீனுக்கும் என்றால் ஸ்டெயின்லெஸ்ஸே எடுங்கள். ரத்தத்தில் உப்பு இருக்கிறது. களைத்துப்போய் இரவு பதினொரு மணிக்குத் திரும்பும்போது யாரும் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட மாட்டார்கள். மரம் செதுக்கத்தான் முக்கியமாகப் பயன்படும், தினமும் துடைத்து வைப்பேன் என்பவர்கள் கார்பன் வாங்கலாம்.

"சர்ஜிக்கல் ஸ்டீல்", "420 ஸ்டீல்" என்று மட்டும் போட்டு, வேறு விவரம் எதுவும் தராத கத்திகளைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 4: பிடி, காம்பு, உறை

பிடியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முடிந்தால் குளிருக்குப் போடும் கையுறையோடும் பிடித்துப் பாருங்கள். கொழுப்பு பட்ட கை வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். அதனால் ரப்பர் மாதிரி ஒட்டும் பிடியும், விரல் வாய்ப்பக்கம் போகாமல் தடுக்கச் சின்னதாக ஒரு மேடும் இருக்க வேண்டும். நிறம் சிவப்போ ஆரஞ்சோ நல்லது. கறுப்புப் பிடிக் கத்தியைக் காய்ந்த இலைகளுக்கு நடுவே கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள், தேட வேண்டியிருக்கும்.

அலகின் இரும்பு பிடிக்குள் போகும் பகுதியைக் காம்பு என்போம். பிடியின் கடைசி வரை, அதன் முழு அகலத்துக்கும் காம்பு இருப்பதுதான் உறுதி என்று எல்லாரும் சொல்வார்கள். உறுதிதான். ஆனால் கனமும் விலையும் கூடும், பக்கவாட்டில் இரும்பு வெளியே தெரிந்தால் குளிரில் கை விறைக்கும். கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கும் பழக்கம் இல்லையென்றால் பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பே போதும். விட்டுவிட வேண்டியது உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிடி. நூலும் தூண்டில் முள்ளும் வைக்க இடம் என்று விற்பார்கள். அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு திருகாணி மட்டும்தான் தாங்கிக்கொண்டிருக்கும்.

உறையில் கத்தியைச் செருகி, தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். விழுந்தால் வேண்டாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். தோல் உறை அழகு, ஆனால் ரத்தம் ஊறினால் நாற்றம் போகாது. பிளாஸ்டிக் உறையைக் குழாயடியில் கழுவிவிடலாம்.

படி 5: எதை வாங்குவது?

பெரியவர் இடுப்பில் இருந்தது மோரா கத்தி. சுவீடனின் டாலர்னா மாநிலத்தில் மோரா என்ற ஊரை ஒட்டிய பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்கிறார்கள். இன்றைய மோராக்னிவ் நிறுவனத்தின் வேர் 1891-இல் தொடங்கிய ஒரு பட்டறையில் இருக்கிறது. கட்டட வேலைக்காரர், மின் பணியாளர், மீனவர், சாரணர் பிள்ளைகள் என்று இங்கே அந்தக் கத்தி இல்லாத இடுப்பைப் பார்ப்பது அரிது.

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது அவர்களுடைய கம்பேனியன் மாடல், ஸ்டெயின்லெஸ். அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், தடிமன் 2.5 மில்லிமீட்டர், பிளாஸ்டிக் உறையோடு வரும். இங்கே 200 குரோனாவை ஒட்டிக் கிடைக்கிறது. கொஞ்சம் தடிமன் வேண்டுவோருக்கு 3.2 மில்லிமீட்டரில் ஹெவி டியூட்டி வகை உண்டு. அதே விலை வட்டத்தில் ஹுல்டாஃபோர்ஸின் கார்பன் ஸ்டீல் கத்திகளும் உழைப்பவை. ஃபின்லாந்தின் ரோவனியெமி நகரில் 1928 முதல் செய்யும் மார்ட்டீனி கத்திகளும் நம்பி வாங்கத் தக்கவை, அவற்றின் மரப்பிடி கைக்கு இதமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஊர்க் கொல்லரிடம் லாரிப் பட்டையில் ஒரு கத்தி அடித்துத் தரச் சொல்லலாம். நான்கு அங்குலம், முதுகு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். அரிவாள் அடித்துப் பழகிய கை இயல்பாகவே தடிமனாக விட்டுவிடும்.

படி 6: சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைக் கற்காமல் எந்தக் கத்தி வாங்கினாலும் ஆறு மாதத்தில் அது வெறும் இரும்புத் துண்டு.

வட ஐரோப்பியக் கத்திகளில் ஒரு வசதி உண்டு. அலகு தட்டையாக வந்து, வாய்க்கு அருகே மட்டும் இரண்டு பக்கமும் அகலமான ஒரு சரிவு இறங்கும். ஸ்காண்டி என்பார்கள். அந்தச் சரிவைக் கல்லின் மேல் படுக்க வைத்தாலே சரியான கோணம் கிடைத்துவிடும். எத்தனை டிகிரி என்று மனதில் கணக்குப் போடத் தேவையில்லை.

ஆயிரம் எண் கொண்ட தண்ணீர்க் கல் ஒன்று வாங்குங்கள், எண் என்பது கல் எவ்வளவு நைசானது என்பதைச் சொல்வது. குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஈரத்துணி போட்டு மேசையில் வையுங்கள். கத்தியை லேசாகச் சாய்த்து, சரிவு முழுவதும் கல்லில் படிவதை விரல் நுனியால் உணருங்கள். சரிவின் மேல்தான் அழுத்தம் இருக்க வேண்டும், முதுகில் இல்லை. பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரை முன்னும் பின்னும் தேயுங்கள். வளைவு வரும் இடத்தில் பிடியைச் சற்றே உயர்த்துங்கள். கல்லில் கரும்பால் போல ஒன்று திரளும், அதைக் கழுவ வேண்டாம், அதுவும் வேலை செய்கிறது.

எப்போது நிறுத்துவது? மறுபக்கத்தில் கட்டைவிரலை வாயிலிருந்து வெளிப்புறமாக, குறுக்கே மெதுவாகத் தடவுங்கள். நூல் இழை மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். அடிமுதல் நுனிவரை அந்தப் பிசிறு தெரிந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பலர் இதற்கு முன்பே பக்கம் மாற்றிவிடுவதால்தான் கத்தி கூராவதில்லை. அப்புறம் மறுபக்கமும் அதே மாதிரி. கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றிப் பத்து முறை. பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னால் போகும்படி இருபது முறை இழுங்கள். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் போதும்.

படி 7: காட்டுக்குப் போகும் முன்

இங்கே பிள்ளைகளுக்குக் கத்தி கொடுக்கும்போது முதலில் உட்காரச் சொல்கிறார்கள். முழங்கை முழங்கால் மேல் இருக்க வேண்டும், வெட்டு முழங்காலுக்கு வெளியே நடக்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே வைத்து ஒருபோதும் செதுக்கக் கூடாது, உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கும் இதே விதிதான். பையில் காயத்துக்கான கட்டுத்துணி இருக்கட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். சுவீடனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்திலும் பள்ளி வளாகத்திலும் தகுந்த காரணம் இல்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது. பொது இடத்தில் நிற்கும் வண்டிக்குள் இருந்தாலும் இது பொருந்தும். காட்டிலிருந்து திரும்பியதும் கத்தியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். பிரிட்டனில் மடக்காத கத்தியைப் பொது இடத்தில் கொண்டுபோகத் தகுந்த காரணம் கட்டாயம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை, ஆகவே அங்கே இது கூடாரத் தங்கலுக்கான கத்தி மட்டும்தான். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் இந்திய ஆயுத விதிகளில் தனி வகையில் வருகின்றன. நான்கு அங்குலக் கத்தி அந்த அளவுக்குள் வராது, இருந்தாலும் பேருந்து நிலையத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு நிற்காதீர்கள். விமானத்தில் என்றால் செக்-இன் பெட்டிக்குள், உறையோடு.

வீடு திரும்பியதும் கத்தியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உறையைத் தனியாகக் கழுவி, வாய் கீழே பார்க்கும்படி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். கார்பன் ஸ்டீல் என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.