வசனத்தை ஒட்டினால் கிறிஸ்தவக் கல்வி ஆகிவிடுமா?

ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர் என்று ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டு, வேதாகமத்தைப் பாடத்தோடு இணைத்துவிட்டதாகத் திருப்தி அடைகிற ஆசிரியர்கள் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்பத்துக்குப் பதிலாகப் பென்சில் என்று எழுதினாலும் அது அதே கணக்குதான். பாடத்தின் மேல் வசனத்தை ஒட்டுவதுதான் அதிகம் காணப்படும் தவறு.

இறையியலுக்கு வேலை பாடத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது: எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார்? தேவசாயலில், அதாவது கடவுளின் உருவத்தில், படைக்கப்பட்டவர் என்கிறது ஆதியாகமம் 1:27. அதில் மதிப்பெண் நிபந்தனை எதுவும் இல்லை. காலையில் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, மதியம் விடைத்தாள்களை ரேங்க் வரிசையில் பெயர் சொல்லிக் கொடுத்தால், கடைசியாக எழுந்து வருகிற பிள்ளை எதை நம்பும்? 17ஆம் நூற்றாண்டில் மொராவிய சகோதரர் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பேராயர் கொமேனியஸ் இதே சாயலைக் காட்டித்தான் ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் கல்வி வேண்டும் என்று வாதிட்டார். பிள்ளைகள் பார்த்தே கற்கட்டும் என்று 1658இல் படப் பாடநூலும் வெளியிட்டார். அவருடைய கோட்பாடு பாடமுறையாகவே மாறிவிட்டது.

அடுத்த தவறு, பாதி உபதேசத்தை மட்டும் பிடித்துக்கொள்வது. "எல்லாரும் பாவஞ்செய்து" என்ற வசனம் பிள்ளைகளை நோக்கி மட்டும் நீளும். அந்த 'எல்லாரும்' என்பதில் ஆசிரியரும் அடக்கம் என்பது மறந்துபோகும். பிரம்பைப் பற்றிய நீதிமொழிகள் 13:24 மனப்பாடமாக இருக்கும். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்கிற எபேசியர் 6:4 மட்டும் ஏனோ நினைவுக்கு வராது.

கேள்விக்குப் பயப்படுவதும் ஒரு தவறு. "கடவுள் நல்லவர்னா அம்மாவுக்கு ஏன் இந்த நோய்?" என்று கேட்கிற பிள்ளையிடம், "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்பது விசுவாசத்தைக் காப்பாற்றாது. வேதாகமத்தில் பெருந்துன்பம் அனுபவித்த யோபு கேட்காத கேள்வியா? பன்னிரண்டு வயது இயேசுவையே லூக்கா, தேவாலயத்தில் போதகர்கள் நடுவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவராகத்தான் காட்டுகிறார்.

அறிவியலை ஓரக்கண்ணால் பார்க்கிறவர்கள் சங்கீதம் 111:2ஐப் படிக்கலாம். கர்த்தரின் செய்கைகளில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்கிறார்கள் என்கிற அந்த வசனத்தை, கேம்பிரிட்ஜின் பழைய கேவண்டிஷ் ஆய்வுக்கூடக் கதவில் லத்தீனில் பொறித்து வைத்தார்கள். ஆராய்வதற்கு அவ்வளவு மதிப்பு என்றால், ஆயத்தமில்லாமல் எடுக்கிற இயற்பியல் வகுப்பை ஆரம்ப ஜெபம் ஈடுகட்டிவிடாது.

சரி, தேவசாயல், தகுதி பார்க்காத கிருபை என்றெல்லாம் பேசினால் மதிப்பெண்ணை அள்ளிப் போட வேண்டுமா? அதுவும் தவறுதான். தப்பான விடைக்குத் தப்பு என்றே போடுங்கள். எந்த அடியில் பிசகியது என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதி, திரும்பப் போட்டுக் காட்ட ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அந்த இரண்டாவது விடைத்தாளையும் அக்கறையாகத் திருத்துங்கள்.