பிளக்-இன் ஹைப்ரிட் (சார்ஜிலும் பெட்ரோலிலும் ஓடும்) காருக்கு எந்த பெட்ரோல்?

முதலில் டேங்க் மூடியின் உள்பக்கம் போட்டிருக்கும் ஆக்டேன் எண்ணைப் பாருங்க. 91 என்று இருந்தால் சாதாரண பெட்ரோல் போதும். 95 என்றால் 95 ஆக்டேன் பெட்ரோல்தான். 91 கேட்கும் இன்ஜினுக்கு 100 ஆக்டேன் ஊற்றுவது வீண்செலவு. நேரத்துக்கு முன் தானாக எரிந்துவிடாமல் தாங்கும் திறன்தான் ஆக்டேன், சக்தி அல்ல. அமெரிக்கக் கையேட்டில் 87 என்று இருந்தால் அது ஏறக்குறைய நம்ம 91.

எங்கள் கோவைப் பட்டறையில் நான் அதிகம் வலியுறுத்துவது வேறு. காந்திபுரம், பீளமேடு என்று சார்ஜிலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடக்கும். நாள்பட்டால் அது கெடும். கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் அளவாகப் போடுங்க, அவ்வப்போது இன்ஜினில் ஓட்டித் தீர்த்துடுங்க. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இன்ஜினில் ‘கடகட’ என்று தட்டும் சத்தம் கேட்டால், மூடியில் போட்ட எண்ணுக்குக் குறைவான பெட்ரோலா என்று உடனே பாருங்க.