3,35,50,336: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

மூன்று கோடியே முப்பத்தைந்து இலட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. எனக்கு மிகவும் பிடித்த எண் இது. ஏன் பிடிக்கும் என்பதைப் போகப்போக நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மேலோட்டமாக ஒரு பார்வை

கடைசி இலக்கம் 6, ஆகவே இரட்டை எண். 5-ஆல் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 28 வருகிறது. அது மூன்றால் வகுபடாததால் நம் எண்ணும் வகுபடாது. (அந்த 28-ஐ ஓரமாகக் குறித்து வையுங்கள்.)

படி 2: பாதியாக்குங்கள்

1,67,75,168, அப்புறம் 83,87,584, அப்புறம் 41,93,792... இப்படிப் பன்னிரண்டு முறை பாதியாக்கினால் 8191 என்ற ஒற்றை எண் வந்து நிற்கும். எத்தனை முறை என்பதில் தவறினால் பின்னால் எல்லாமே தப்பாகும், அதனால் ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள். பன்னிரண்டு இரண்டுகளின் பெருக்கல் 4096. ஆக, நம் எண் 4096 × 8191.

படி 3: 8191 பகா எண்ணா?

இதன் வர்க்கமூலம் 90-ஐச் சற்றே தாண்டும். 90-க்குள் இருக்கும் 24 பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது வழக்கமான வழி. ஆனால் 8191 என்பது 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 13 பகா எண் என்பதால், 8191-இன் எந்தப் பகாக் காரணியையும் 26-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இது பெர்மாவின் தேற்றத்திலிருந்து கிடைக்கும் விதி. 90-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 53, 79 இரண்டே! 53-ஆல் வகுத்தால் மீதி 29. 79-ஆல் வகுத்தால் மீதி 54. சரி, 8191 பகா எண்தான்.

படி 4: காரணிகளைக் கூட்டுங்கள்

1, 2, 4 என்று 4096 வரை 13 காரணிகள். அவற்றை 8191-ஆல் பெருக்கினால் இன்னும் 13. மொத்தம் 26.

முதல் பதின்மூன்றின் கூட்டல் 8191. அடுத்த பதின்மூன்றின் கூட்டல் 8191 × 8191. இரண்டும் சேர்ந்து 8191 × 8192. இந்த 8192 என்பது 4096-இன் இரட்டிப்பு அல்லவா? அப்படியென்றால் மொத்தக் கூட்டல் நம் எண்ணைப் போல் சரியாக இரு மடங்கு. அதிலிருந்து எண்ணையே கழித்தால் மிஞ்சுவதும் 3,35,50,336!

தன்னை விடச் சிறிய காரணிகளின் கூட்டலுக்குச் சமமான எண்ணை நிறைவெண் என்பார்கள். 6, 28, 496, 8128-க்கு அடுத்த ஐந்தாவது நிறைவெண் இது. ஓரத்தில் குறித்த 28-உம் அந்தக் குடும்பம்தான். 8128-க்குப் பிறகு ஐந்து, ஆறு, ஏழு இலக்கங்களில் ஒன்றுகூட இல்லை. 2-இன் ஓர் அடுக்கை, அதன் இரட்டிப்பில் ஒன்று குறைவான எண் பகா எண்ணாக இருக்கும்போது அதனால் பெருக்கினால் (4096 × 8191 போல) நிறைவெண் கிடைக்கும் என்று கி.மு. 300 வாக்கிலேயே யூக்ளிட் நிறுவிவிட்டார்.

படி 5: மற்ற வகைகள்

8191 ஒரு முறை மட்டுமே வருவதால் இது வர்க்க எண் அல்ல. 1 முதல் 8191 வரை கூட்டினால் இதே எண் வரும், ஆகவே முக்கோண எண். இரும முறையில் எழுதினால் 13 ஒன்றுகள், பின்னால் 12 சுழியங்கள்.

இப்போது 20,96,128-ஐ எடுத்து இதே படிகளைச் செய்து பாருங்கள். பத்து முறை பாதியாக்கினால் 2047 வரும். அதை 23-ஆல் வகுத்துப் பார்க்க மறக்காதீர்கள்.