பிடபிள்யூஎம்-ல மோட்டார் ஸ்பீட் புடிக்கிறீங்களா, இந்தத் தப்பெல்லாம் நான் பண்ணி முடிச்சிட்டேன்

ப்ராஜெக்ட் சீசன் வந்தா வியாசர்பாடில நம்ம ஷெட்டுக்கு பாலிடெக்னிக் பசங்க வந்துடுவாங்க, கையில ஆர்டுயினோ ஊனோ (குட்டி கன்ட்ரோலர் போர்டு), எல்298என் போர்டு (மோட்டாருக்கு பவர் குடுக்கறது), என்கோடர் (சுத்தறதை அளக்கறது) வெச்ச 12 வோல்ட் மோட்டார். பிடபிள்யூஎம்னா பவரை படபடன்னு ஆன்-ஆஃப் பண்ணி ஸ்பீடை மாத்தறது. எவ்வளவு குடுக்கணும்னு கணக்கு போடறது பிஐடி: கேட்ட ஸ்பீடுக்கும் ஓடற ஸ்பீடுக்கும் உள்ள வித்தியாசம்தான் எரர்; பி இப்போதைய எரரைப் பாக்கும், ஐ (இன்டெக்ரல்) அதைக் கூட்டிக்கிட்டே போகும், டி அது மாறற வேகத்தைப் பாக்கும். கேபி, கேஐ, கேடி எல்லாம் அதுங்களைப் பெருக்கற நம்பர். கிரவுண்ட் சேர்க்காதது, ஒயர் மாத்திக் குத்தினது எல்லாம் அவங்களே கண்டுபுடிச்சிடுவாங்க, அதை விடுங்க.

இன்டெக்ரலை அவுத்து விடறது

இதைப் பாத்தா இன்னிக்கும் கடுப்பாவுது. நான் புதுசா கத்துக்கிட்டப்போ ஒரு குட்டி கன்வேயர் பண்ணேன், ரோலர்ல சாக்கு நூல் சுத்திக்கிச்சு, மோட்டார் நின்னு உம்முன்னு முனகுது, நான் பவரை அமத்தாம குனிஞ்சி நூலை உருவினேன் பாருங்க, அடுத்த செகண்டே ஃபுல் ஸ்பீட்ல பறந்து பெல்ட் கழண்டு கியர்பாக்ஸ் பிளாஸ்டிக் பல்லு மொத்தமா போச்சு. விரல் தப்பிச்சது.

கணக்கு சிம்பிள். கேட்ட ஸ்பீட் 300 ஆர்பிஎம், நிக்கிறதால எரர் 300. கேஐ 2-ன்னா பத்து செகண்ட்ல இன்டெக்ரல் 6000. பின்னுக்குப் போறது என்னமோ அதிகபட்சம் 255தான். நூல் வந்ததும் மோட்டார் 400-ல ஓடுது, எரர் மைனஸ் 100, செகண்டுக்கு 200தான் குறையும், அப்ப 255-க்கு இறங்கவே கிட்டத்தட்ட அரை நிமிஷம். அதுவரைக்கும் கேபி கொஞ்சம் புடிச்சி இழுத்தாலும் கேக்காது.

"அதான் கன்ஸ்ட்ரெயின் போட்டிருக்கேனேண்ணா"ம்பாங்க. டேய், அது வெளிய போற நம்பரைத்தான் வெட்டும், உள்ள கூட்டிட்டு இருக்கிற வேரியபிளுக்கு அது தெரியவே தெரியாது! அவுட்புட் 255-ல முட்டிக்கிச்சு, எரரும் இன்னும் பிளஸ்லயே இருக்குன்னா அந்த ரவுண்டுல கூட்டாதீங்க, மைனஸ் பக்கமும் அப்படியே. ஒரே ஒரு இஃப். அது இல்லாம நான் புது கியர்பாக்ஸுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் அலைஞ்சேன்.

டைமர் 0-ல கை வைக்கிறது

ஊனோல 5, 6-வது பின்னு 980 ஹெர்ட்ஸ், அது ரெண்டும் டைமர் 0-ல ஓடுது; மத்த பிடபிள்யூஎம் பின்னுல 490. மோட்டார் கீச்சுனு கத்துதேன்னு 5, 6-க்கு ப்ரீஸ்கேலரை (டைமர் ஓடற வேகத்தைக் குறைக்கிற வகுத்தி) மாத்துவாங்க, நேரம் சொல்ற மில்லிஸ்() அந்த டைமரை நம்பித்தான் ஓடுது, அதுவும் சேந்து கெட்டு பிஐடி நேரக் கணக்கு மொத்தம் காலி. 9, 10-க்கு மாறுங்க, அது டைமர் 1.

பாதி டியூட்டின்னா பாதி ஸ்பீட்

இல்ல. டியூட்டின்னா பவர் ஆன்ல இருக்கிற நேரத்தோட பங்கு. எல்298என்-லயே ரெண்டு வோல்ட் கிட்ட போயிடும், கம்மி டியூட்டில சுத்தவே சுத்தாது.

லூப்புக்குள்ள டிலே()

வேணாம், அது ப்ரோக்ராமையே அந்த நேரத்துக்கு நிறுத்தி வெச்சிடும்.

டி போடறது

என்கோடர் ரீடிங் குதிக்குதா, கேடியை சைபர்ல வைங்க.