சீம்பாலுக்கு ஃப்ரீசர் எதற்கு?

போன வாரம் எங்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர், சிரிஞ்சில் ஒன்றரை மில்லி சீம்பாலோடு, அதாவது பிரசவமான முதல் சில நாட்களில் சுரக்கும் தாய்ப்பாலோடு, ஃப்ரீசரைத் திறந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் திறந்தேன். சீம்பாலைக் கொட்டக் கூடாது என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன். குறைமாதக் குழந்தையின் சீம்பாலில் நாம் செய்யும் மற்ற தவறுகள் இவை.

உறையவைப்பது

அன்றைய குழந்தை 28 வாரத்தில் பிறந்தவள். வயிற்றுக்கு எதுவும் வேண்டாம் என்றிருந்தார் மருத்துவர். தாய் பீய்ச்சித் தந்த துளிகளைப் பத்திரமாக உறையவைத்து, மூன்றாம் நாள் பெருமையோடு உருக்கி எடுத்தேன். மூத்த செவிலியர் கேட்டார்: "இதில் உயிரோடு இப்போது என்ன இருக்கிறது?"

ஒரு மில்லி சீம்பாலில் லட்சக்கணக்கான வெள்ளணுக்கள் உயிரோடு இருக்கின்றன. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களும் நியூட்ரோஃபில்களும், கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் லிம்ஃபோசைட்டுகளும். பிரசவத்துக்குப் பின் நாளாக ஆக எண்ணிக்கை சரியும். உறைந்தால் பெரும்பாலானவை சிதையும். தாய்ப்பால் வங்கியில் தானப் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கும்போதும் பிழைப்பதில்லை. நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் பெருமளவில் வந்துசேர்வது கடைசி மூன்று மாதங்களில்தான். அதற்குள் பிறந்துவிட்டவளிடம் போய் நான் சிக்கனம் காட்டியிருக்கிறேன்!

வயிற்றுக்கு வேண்டாம் என்றால் வாய்க்கும் வேண்டாம் என்று பொருளில்லை. மருத்துவரைக் கேட்டு, புதுத் துளியில் 0.1 மில்லியை ஒவ்வொரு கன்னத்தின் உட்புறமும் தடவியிருக்கலாம். மீதிக்கு 4 டிகிரி ஃப்ரிட்ஜ் போதும்.

காசிமேட்டில் மீன் விற்கும் பாட்டி ஒருவர் என்னை மடக்கினார். "மீனுக்கு ஐஸ் நல்லது, பாலுக்கு ஆகாதா சிஸ்டர்?"

"மீன் செத்தது பாட்டி. இது உயிரோடு இருக்கிறது."

"அதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று என்னையே திட்டினார். நியாயம்தான்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா? கொட்டாதீர்கள். ஐஜிஏ போன்ற எதிர்ப்புப் புரதங்கள் பெருமளவு தாக்குப்பிடிக்கும். புதியது இருக்கும்வரை அதற்கே முதலிடம்.

முதல் நாளே பம்ப்

இருக்கிற நாலு துளியும் குழாயில் ஒட்டிக்கொள்ளும். கையால் பீய்ச்சி, சிரிஞ்சில் உறிஞ்சுங்கள்.

இரவில் விட்டுவிடுவது

24 மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுக்க வேண்டும். இரவும் அதில் சேர்த்தி.

தாய்க்குச் சளி என்று நிறுத்துவது

அப்போதுதான் பாலில் வெள்ளணுக்கள் கூடுகின்றன. அவர் சாப்பிடும் மாத்திரையை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுதைப்பால்

வாசலுக்கே வந்து கறந்து தந்தாலும் வேண்டாம்.